தோள் வலிக்கு எந்தப் பயிற்சி? எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்ட ஒரு டீச்சருக்கு

வாசகர் கடிதம், சுருக்கமாக. அடையாளம் தெரியும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

வயது 47. பள்ளி ஆசிரியை. எட்டு மாதமாக வலது தோளில் வலி, தோளின் வெளிப்பக்கத்தில் தொடங்கிப் புஜத்தின் பாதிவரை இறங்குகிறது. கரும்பலகையின் மேல்பகுதியில் எழுதும்போது சுருக்கென்று பிடிக்கிறது. தலை வாரும்போதும், முதுகுப்பக்கம் கொக்கி மாட்டும்போதும், காரின் பின்சீட்டில் இருக்கும் பையை எட்டி எடுக்கும்போதும் அதே வலி. ராத்திரி வலது பக்கம் புரண்டால் தூக்கம் கலைந்துவிடுகிறது. கீழே விழவில்லை, அடி எதுவும் படவில்லை. எம்ஆர்ஐயில் சுப்ராஸ்பினேடஸ் தசைநாணில் தேய்மானமும் பகுதிக் கிழிசலும் இருப்பதாக வந்திருக்கிறது. ஒரு டாக்டர் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார், இன்னொருவர் பிற்பாடு ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார். நடுவில் வீடியோக்கள். அசையாமல் அழுத்திப் பிடிக்கும் ஐசோமெட்ரிக்தான் சரி என்று ஒருவர், எக்சென்ட்ரிக் மட்டும்தான் தசைநாணைச் சரிசெய்யும் என்று ஜிம்முக்குப் போகும் தம்பி, நன்றாக இழுத்து ஸ்ட்ரெச் செய்தால் போதும் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியை. ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு நாள் செய்து பார்த்தாயிற்று, எதுவும் பலிக்கவில்லை. எது உண்மையிலேயே சிறந்தது, வலித்தால் நிறுத்த வேண்டுமா, கிழிசல் பெரிதாகுமா, கையைத் தூக்கும்போது கேட்கும் 'கடக் கடக்' சத்தம் எலும்பு தேய்வதா, ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

வணக்கம் டீச்சர்.

டாக்டர் என்று விளித்து எழுதியிருக்கிறீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதுவதோ ஊசி போடுவதோ என் வேலை இல்லை, ஆனால் நீங்கள் கேட்டிருப்பதில் முக்கால்வாசி பயிற்சியைப் பற்றியது என்பதால் தைரியமாகப் பதில் சொல்கிறேன். கையைத் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 'ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு நாள்' என்ற இடத்தைத்தான். நீங்கள் செய்து பார்த்த பயிற்சிகளில் எதுவும் மோசமானது கிடையாது, ஸ்ட்ரெச்சிங் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சண்டை போடுவேன், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பத்து நாளில் எந்தப் பயிற்சியாலும் தசைநாணை ஒன்றும் செய்ய முடியாது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களிலேயே அதற்குப் பலம் கூடுவது தெரியும். தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண் அப்படி இல்லை, அது மாதக்கணக்கில்தான் சுமைக்குப் பழகும். இந்த வகை வலிக்கான பயிற்சி ஆய்வுகளில் பலவும் 12 வாரம் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் பலன் இருக்கிறதா என்றே பார்க்கின்றன. நீங்கள் மூன்று பயிற்சிகளை முடித்துப் பார்க்கவில்லை, மூன்றையும் ஆரம்பித்து மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்கு உங்கள் தோள் இன்னும் பதிலே சொல்லவில்லை.

முதலில் இது தசைநாண் வலிதானா?

இதைக் கேட்காமல் பயிற்சிக்குப் போகக் கூடாது, அதுவும் சர்க்கரை இருப்பவரிடம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்ற தோள் இறுக்கம் மற்றவர்களைவிட நிறையவே வரும், அதன் ஆரம்பக் கட்டமும் நீங்கள் சொல்வதுபோலவே இருக்கும், ராத்திரி வலி உட்பட. அதற்கான பயிற்சி வேறு, அதற்கு ஆகும் காலமும் வேறு.

கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்குங்கள். முழங்கை விலாவை விட்டு நகராமல் இரண்டு முன்கைகளையும் வெளிப்பக்கம் திறங்கள். இடது கை போகிற அளவுக்கு வலதும் போகிறதா? அப்புறம் வீட்டில் யாரையாவது வலது முன்கையைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் திருப்பினாலும் பாதியில் கதவு பூட்டின மாதிரி நின்றுவிட்டால் அது மூட்டு இறுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம், இந்தப் பதிலின் மீதிப் பகுதி உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது, நேரில் போய்க் காட்டுங்கள். இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே அளவு திரும்பி, தூக்கும்போது மட்டும் வலித்தால், தசைநாண் பக்கம்தான் சந்தேகம் போகிறது. காரின் பின்சீட்டுப் பையை நீங்கள் வலியோடாவது எட்டி எடுக்கிறீர்கள் என்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

கழுத்தைத் திருப்பும்போது தோள் வலி கூடுகிறதா, விரல்வரை மரமரப்பு இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படி இருந்தால் வலி கிளம்பும் இடம் கழுத்தாக இருக்கலாம், தோளுக்கு எத்தனை பயிற்சி செய்தாலும் வீண்.

ஒவ்வொரு வகையும் என்ன வேலை செய்யும்

தோளில், மேல்கை எலும்பின் பந்து போன்ற தலையை அதன் கிண்ணத்தின் நடுவில் பிடித்து வைக்க நான்கு தசைகள் இருக்கின்றன, அவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பந்தை மூடியிருக்கும். அந்தத் தொகுப்புக்கு ரோட்டேட்டர் கஃப் என்று பெயர். உங்கள் அறிக்கையில் வரும் சுப்ராஸ்பினேடஸ் அதில் மேலே இருப்பது, நான்கில் அதிகம் மாட்டிக்கொள்வதும் அதுதான். நீங்கள் பலகையின் உச்சியில் எழுத ஒவ்வொரு முறை கை தூக்கும்போதும் இது வேலை செய்கிறது, அதுவும் தூக்கிய கையை அங்கேயே நிறுத்தி வைத்தபடி நிமிடக்கணக்கில்.

கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பெண்டுலம் அசைவுகள், சுவரில் விரலால் ஏறுவது போன்றவை, வலி உச்சத்தில் இருக்கும்போது தோளைப் பயப்படாமல் அசைக்க உதவும். அவ்வளவுதான். அவற்றில் தசைநாணுக்குச் சுமையே இல்லை, சுமை இல்லாமல் அது பலப்படாது. எட்டு மாதம் ஆன வலிக்கு இது மட்டும் போதாது.

ஸ்ட்ரெச்சிங்கைப் பற்றித்தான் சண்டை என்றேன். முதுகுக்குப் பின்னால் துண்டை வைத்து வலது கையை மேலே இழுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், வலி 'நன்றாகத் தெரியும்வரை' என்று வேறு. கை பின்னால் போய் முதுகோடு ஒட்டும்போது மேலே இருக்கும் அந்தத் தசைநாண் நீண்டு எலும்பின்மேல் அழுந்துகிறது. ஏற்கனவே எரிச்சலில் இருக்கும் தசைநாணை அழுத்தி இழுத்துக்கொண்டே இருந்தால் அது எப்படி ஆறும்? மூட்டு இறுக்கம் இருப்பவர்களுக்கு இழுத்துவிடுவதில் பயன் உண்டு. உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஐசோமெட்ரிக் என்பது கை நகராமல் எதையாவது எதிர்த்து அழுத்திப் பிடிப்பது. இதற்கு இவ்வளவு பெயர் வந்ததற்கு ஒரு காரணம் 2015இல் வெளியான ஓர் ஆய்வு. முழங்கால் தசைநாணில் வலி இருந்த வாலிபால் ஆட்டக்காரர்களை 45 விநாடி வீதம் ஐந்து முறை பலமாக அழுத்திப் பிடிக்க வைத்தார்கள், வலி உடனே குறைந்து முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் ஆறே ஆறு பேர், வலி இருந்த இடமோ முழங்கால். பிறகு மற்ற தசைநாண்களில் செய்து பார்த்தபோது சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் குறையவில்லை, ஓரிருவருக்குக் கூடவும் செய்தது. என்னைக் கேட்டால், வலி முணுமுணுவென்று இருக்கும் ஆரம்ப வாரங்களில் தோளுக்குச் சுமையைப் பழக்க இது நல்ல வழி, உங்களுக்கு வலி குறைகிறதா என்று முதல் நாளே தெரிந்துவிடும். அதிலேயே தங்கிவிடக் கூடாது.

தம்பி சொல்லும் எக்சென்ட்ரிக் என்பது எடையை இறக்கும்போது மட்டும் தசை வேலை செய்வது. தூக்கும்போது மற்ற கையால் உதவி, இறக்கும்போது வலிக்கிற கை தனியாக, மெதுவாக. இதன் புகழ் ஸ்வீடனில் 1998இல் வெளியான ஒரு ஆய்விலிருந்து வந்தது. குதிகால் நரம்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அக்கிலிஸ் தசைநாணில் நாள்பட்ட வலி இருந்த 15 பேர், நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 வீதம் மூன்று செட், வாரத்தில் ஏழு நாளும், 12 வாரம் செய்து மீண்டும் ஓட ஆரம்பித்தார்கள். உங்கள் தம்பியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், இதில் எது குணப்படுத்தியது என்று கேளுங்கள். இறக்கும் விதமா, அல்லது யாரும் அதற்கு முன்னால் அவ்வளவு எடையை அவ்வளவு நாள் விடாமல் கொடுக்கவில்லை என்பதா? 2015இல் டென்மார்க்கில் அதே அக்கிலிஸ் வலிக்கு எக்சென்ட்ரிக்கையும், தூக்கும்போதும் இறக்கும்போதும் மெதுவாகக் கனமான எடை கொடுக்கும் முறையையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். இரண்டாவது முறையில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்தால் போதும் என்பதால் ஆட்கள் அதை ஒழுங்காகச் செய்தார்கள். எனக்கும் அந்த இரண்டாவது முறைதான் பிடிக்கும், காரணம் அதேதான்.

தோள் சப்பை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளுக்கான பயிற்சிகள், அதாவது ரப்பர் பேண்டைப் பின்னால் இழுப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது எல்லாம் நல்ல துணைக்கறி. தனியாக அவை போதுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்படியானால் ஜெயித்தது எது?

தோளில் செய்த ஆய்வுகளுக்கே வருவோம். 2012இல் ஸ்வீடனில், தோள் ஆபரேஷனுக்குக் காத்திருந்த நூறு பேர் அளவிலானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் முதலில் ஓர் ஊசி. பிறகு ஒரு பிரிவுக்கு ரோட்டேட்டர் கஃபுக்கும் சப்பை எலும்புத் தசைகளுக்கும் சுமையைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி, மற்ற பிரிவுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் எடையில்லாத பொதுவான அசைவுகள். 12 வாரம் கழித்து முதல் பிரிவில் 69 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள், இரண்டாவதில் 24 சதவீதம். ஆபரேஷனே செய்துகொள்கிறேன் என்று போனவர்கள் முதல் பிரிவில் 20 சதவீதம், இரண்டாவதில் 63. சும்மா அசைப்பதற்கும் சுமை கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

ஆனால் சுமை கொடுக்கும் வகைகளுக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதவிட்டால் பெரிய வித்தியாசம் கிடைப்பதில்லை. பிரிட்டனில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான முழு பிசியோதெரபி, மற்றவர்களுக்கு வீட்டிலேயே செய்ய ஒரே ஒரு சுமைப் பயிற்சி. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எப்போது பார்த்தாலும் இரண்டும் சமம். 2021இல் அதே நாட்டில் 708 பேரை வைத்துப் பெரிதாகப் பார்த்தார்கள். ஆறு தடவைவரை நேரில் வந்து படிப்படியாகப் பயிற்சி செய்தவர்களுக்கும், ஒரே ஒரு தடவை உட்கார வைத்து விளக்கிச் சொல்லி எளிய பயிற்சிகளோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் வருட முடிவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு சந்தோஷமான செய்தி இல்லைதான். உங்களுக்கு நல்ல செய்தி. விலையுயர்ந்த கருவியோ, ரகசியமான பயிற்சியோ, பதினைந்து வகைப் பட்டியலோ தேவையில்லை. இரண்டு மூன்று பயிற்சி, மெல்ல ஏறும் எடை, விடாத மூன்று மாதம்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். கொஞ்சம் வலிக்கலாம். வலித்தாலே கிழிகிறது என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் நிறுத்தியதால்தான் எட்டு மாதத்தில் உங்கள் தோள் எந்தச் சுமைக்கும் பழகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவும் கூடாது.

வலியே இல்லாததை பூஜ்யம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நாலு வரை போகலாம். முக்கியமானது மறுநாள் காலை. எழுந்து பல் தேய்க்கும்போது தோள் நேற்றுக் காலை இருந்த அளவுக்கு இருந்தால் நேற்றைய எடை சரி. நேற்றைவிடக் கூடுதலாக வலித்தால், அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிட்டு, அடுத்த முறை எடையைக் குறையுங்கள். அந்தப் பயிற்சியையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வீடியோ தேடாதீர்கள், நீங்கள் மூன்று முறையும் செய்தது அதுதான். ஒரு நோட்டில் தேதி, எடை, எத்தனை முறை, மறுநாள் காலை வலி எத்தனை என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள், டீச்சருக்கு இது கஷ்டமா என்ன.

அந்த 'கடக் கடக்' சத்தம் பற்றி. வலி சேர்ந்து வராத சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம், வலியே இல்லாத எத்தனையோ தோள்களில் அது கேட்கும். சத்தத்தோடு கூடவே கை சிக்கிக்கொண்டு நின்றால் மட்டும் காட்டுங்கள்.

இப்படி ஆரம்பியுங்கள்

முதல் இரண்டு வாரம் சுவர் மட்டும். வலது பக்கம் சுவர் இருக்கும்படி ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வையுங்கள், அது விழாமல் பிடித்துக்கொண்டால் முழங்கை தானாகச் சரியான இடத்தில் நிற்கும். முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்க, புறங்கையைச் சுவரில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். முழுப் பலத்தில் பாதி போதும். 30 விநாடி, முடிந்தால் 45. ஒரு நிமிடம் விட்டு மறுபடி. ஐந்து முறை, நாளுக்கு ஒன்றிரண்டு வேளை. மூச்சைப் பிடிக்காதீர்கள், தோளைக் காதுப்பக்கம் தூக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவதில்தான் கோட்டை விடுவார்கள், அழுத்த ஆரம்பித்ததும் தோள் மேலே ஏறிவிடும், ஆகவே கண்ணாடி தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து எடை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் அதே துண்டு, முன்கை வயிற்றுக்குக் குறுக்கே. கையில் அரைக் கிலோ டம்பெல், இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். முழங்கையை அச்சாக வைத்துக்கொண்டு முன்கையை மட்டும் மேலே திருப்புங்கள், முன்கை தரைக்கு இணையாக வந்து அதற்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். ஏற மூன்று விநாடி, இறங்க நான்கு விநாடி. எக்சென்ட்ரிக் வேண்டும் என்று தம்பி கேட்டால் அந்த நான்கு விநாடியைக் காட்டுங்கள், அது இதிலேயே இருக்கிறது. பத்திலிருந்து பதினைந்து முறை, மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு மூன்று முறைகள் சிரமப்பட்டு வர வேண்டும். பேசிக்கொண்டே பதினைந்தையும் முடிக்க முடிகிறதென்றால் எடை போதவில்லை, அரைக் கிலோ கூட்டுங்கள். வீடியோவில் வருகிற ரப்பர் பேண்டும் தவறில்லை, ஆனால் பேண்டில் எவ்வளவு கூட்டினோம் என்று கணக்கு வைப்பது கஷ்டம். அதே நாட்களில் கதவுக் கைப்பிடியில் பேண்டை மாட்டி இரண்டு முழங்கைகளையும் பின்னால் இழுப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் மெதுவாக.

ஆறாவது வாரம் வாக்கில், மறுநாள் காலைக் கணக்கு ஒழுங்காக இருந்தால், கை தூக்கும் பயிற்சி. கையை நேர் பக்கவாட்டிலும் இல்லாமல் நேர் முன்னாலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் வைத்து, கட்டைவிரல் கூரையைப் பார்க்கும்படி, முதலில் வெறுங்கையால் தோள் மட்டம்வரை. கட்டைவிரலைத் தரையைப் பார்க்கத் திருப்பித் தூக்கச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் உலவுகின்றன, வலிக்கிற தோளுக்கு அது வேண்டாத வேலை. பழகியதும் எடை, பிறகு தோள் மட்டத்துக்கு மேலே. உங்கள் வேலை பலகையின் உச்சியில் எழுதுவது என்பதால் இந்தக் கடைசிப் படியைத் தாண்டாமல் பயிற்சியை முடித்துவிட்டால் பள்ளியில் வலி திரும்பி வரும்.

அதுவரை கைக்கு முழு ஓய்வும் வேண்டாம், பழையபடி முழு வேலையும் வேண்டாம். பலகையில் கண் மட்டத்துக்குக் கீழே எழுதுங்கள், கிட்டே நின்று எழுதுங்கள், நிறைய எழுதவேண்டிய பாடங்களை அடுத்தடுத்த வகுப்பில் வைக்காதீர்கள். முதுகுப்பக்கக் கொக்கியை முன்பக்கம் மாட்டித் திருப்பிக்கொள்ளுங்கள். ராத்திரி இடது பக்கம் படுத்து, வலது கையின் கீழே ஒரு தலையணை வைத்து அதன்மேல் கையைக் கிடத்துங்கள், கை மார்புக்குக் குறுக்கே தொங்கினாலும் அந்தத் தசைநாண் இழுபடும்.

எம்ஆர்ஐயும் ஆபரேஷனும்

அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் வலி எதுவுமே இல்லாத 40 முதல் 70 வயதுவரையான 51 ஆண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 96 சதவீதம் பேரின் தோளில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது, சிலரிடம் கிழிசலும்தான். 47 வயதுத் தோளைப் படம் எடுத்தால் சுத்தமாக வருவதுதான் அபூர்வம். உங்கள் வலிக்கும் அந்தப் பகுதிக் கிழிசலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அறிக்கை வரியை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. அடிபடாமல் தானாக வந்த முழுக் கிழிசல் உள்ளவர்களையே பயிற்சி கொடுத்து இரண்டு வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நால்வரில் ஒருவருக்கும் குறைவானவர்களே ஆபரேஷனுக்குப் போனார்கள். உங்களுடையது பகுதிக் கிழிசல். நிதானமாக ஏறும் எடை அதைப் பெரிதாக்கும் என்று பயப்படக் காரணம் இல்லை.

பிற்பாடு ஆபரேஷன் என்று அந்த டாக்டர் எதைச் சொன்னார் என்று கடிதத்தில் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிழிசலைத் தைப்பதா, அல்லது தசைநாணுக்கு மேலே இருக்கும் எலும்பைச் சுரண்டி இடம் உண்டாக்குவதா? எலும்பு உரசுவதால்தான் வலி என்ற கருத்து 1972இலிருந்து வேரூன்றியது, அதை நம்பி ஏராளமான தோள்கள் சுரண்டப்பட்டன. 2018இல் பிரிட்டனில் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பிரிவுக்கு உண்மையாகவே சுரண்டினார்கள், இன்னொரு பிரிவுக்குக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் தொடாமல் மூடினார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு பிரிவும் ஒரே அளவு தேறின. ஆகவே சுரண்டும் ஆபரேஷன் என்றால், மூன்று மாத ஒழுங்கான பயிற்சிக்கு முன்னால் சம்மதிக்க அவசரமே இல்லை. இதனால் எனக்கு என்ன கூடுதல் பலன், செய்யாவிட்டால் என்ன ஆகும், கை எத்தனை மாதத்தில் வேலைக்குத் திரும்பும் என்று நேருக்கு நேர் கேட்கவும், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நல்ல டாக்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊசியும் சர்க்கரையும்

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். நான் சொன்ன 708 பேர் ஆய்விலும் இரண்டு மாத அளவில் ஊசி போட்டவர்களுக்குக் கொஞ்சம் நன்மை தெரிந்தது, வருட முடிவில் அது இல்லை. ராத்திரி தூக்கமே இல்லாமல் பயிற்சி செய்யவே முடியவில்லை என்ற நிலையில், பயிற்சியைத் தொடங்க ஒரு வாய்ப்பாக ஒரு ஊசி போட்டுக்கொள்வதில் தப்பில்லை. வலி போய்விட்டதென்று பயிற்சியை விட்டுவிட்டு மறுபடி வலித்ததும் அடுத்த ஊசி, அதற்கடுத்த ஊசி என்று போவதுதான் ஆபத்து, திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாணே பலவீனமாகும். உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும், சிலருக்கு நன்றாகவே ஏறும். எலும்பு டாக்டரிடம் சர்க்கரை மாத்திரை பற்றிச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியே ஆக வேண்டும், சர்க்கரை பார்க்கும் டாக்டருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தொடர்வதும் சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று அவரிடமே சொல்லிக் கேளுங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை தசைநாண் ஆறுவதையும் மெதுவாக்கும், கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?

பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே நேரில் போகவேண்டிய நேரங்களும் இருக்கின்றன. விழுந்தோ வெடுக்கென்று எதையோ தூக்கியோ திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனால், தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால், அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி ராத்திரி முழுக்க வலித்து உடல் எடையும் குறைந்துகொண்டு வந்தால், கையில் பலம் குறைந்துகொண்டே போனால். தோளை அசைப்பதற்கும் வலிக்கும் சம்பந்தமில்லாமல், படியேறினாலோ வேகமாக நடந்தாலோ தோளும் கையும் வலித்து, மார்பு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வியர்வையோ சேர்ந்தால் அது தோள் சமாச்சாரமே இல்லை, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயக் கோளாறு இப்படி மறைந்து வருவது உண்டு.

மற்றபடி, ஆறு வாரத்தில் தூக்கமாவது கொஞ்சம் தேறியிருக்க வேண்டும், பெரும்பாலும் முதலில் அதுதான் சரியாகும், பிறகுதான் கை தூக்குவது. 12 வாரம் முடிந்ததும் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். எடை ஏறி வலி இறங்கியிருந்தால் இன்னொரு மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாளாகத் தொடருங்கள். எடை ஏறவே இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒரு முறை செய்து காட்டுங்கள், தோள் காதுப்பக்கம் ஏறுவது போன்ற சின்ன விஷயம் ஏதாவது இருக்கும். எடை நன்றாக ஏறியும் வலி அப்படியே இருந்தால், நோட்டோடும் எம்ஆர்ஐயோடும் எலும்பு டாக்டரிடம் திரும்பப் போங்கள். அப்போது ஆபரேஷன் பேச்சு வந்தால் அதைத் தட்டிக்கழிக்காமல் உட்கார்ந்து பேசலாம்.